ஸ்காட் மார்க்கெட்டிலிருந்து அம்மா

ரங்கூன்
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். திங்கட்கிழமை மார்க்கெட் லீவு, அதனால் உட்கார்ந்து எழுத முடிகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், மீதிப் பாதியில் லைன் அறுந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா அடுத்த வாரம் மகளைப் பார்க்க சிங்கப்பூர் வருகிறாள். அவளிடம் இதையும் ஒரு பாட்டில் வறுத்த இறால் பாலாச்சானையும் கொடுத்துவிடுகிறேன். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வை.

நீ அனுப்பிய குரல் செய்திகளை இரண்டு தடவை கேட்டேன். வெளிநாட்டுக்காரன் ஒருவனும் பர்மாவுக்குச் சுற்றுலா வரக்கூடாது, இங்கே செலவாகிற ஒவ்வொரு டாலரும் தப்பான கைக்கு, ராணுவத்துக்குத்தான் போகிறது என்கிறாய். சட்டம் என்றால் சிங்கப்பூர்ச் சட்டம்தான் சட்டம் என்கிறாய். பாங்காக் ஏர்போர்ட்டில் நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் உன்னை ஓரமாக நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள் என்று பொருமுகிறாய். மூன்று வருஷத்தில் என் பிள்ளைக்கு உலகத்தைப் பற்றி நிறையவே அபிப்பிராயம் வந்துவிட்டது. வரட்டும், தப்பில்லை. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

வரவேண்டாம் என்று முதலில் சொன்னது நீ இல்லை. 1996-இல் ராணுவ அரசாங்கம் ‘விசிட் மியன்மார்’ ஆண்டு என்று கொண்டாடியபோது, அதை எதிர்த்து நின்ற ஆங் சான் சூச்சி அம்மாவே இப்போது வராதீர்கள் என்றுதான் சொன்னார். எனக்கு அப்போது 26 வயது, உன் தாத்தாவோடு லோஞ்சித் துணியும் அரக்குப் பெட்டியும் விற்றுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் படத்தை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த அதே தாத்தாதான், காலையில் கடை திறந்ததும் முதல் வெள்ளைக்காரன் வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே மனுஷன்தான். அந்த வருஷம் யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அப்போது தனியாக வருகிற வெளிநாட்டுக்காரன் ஏர்போர்ட்டிலேயே 300 டாலரைக் கொடுத்து எஃப்.ஈ.சி. என்கிற, டாலருக்குப் பதிலாக அரசாங்கம் அச்சடித்த சீட்டாக மாற்றியாக வேண்டும். அந்த 300 எங்கே போயிற்று என்று கேட்டால், நீ சொல்கிற கைக்குத்தான் போயிற்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் பள்ளிக்கூடச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுப் பார். வருகிறவன் யார் ஓட்டலில் தங்குகிறான், யாரிடம் வாங்குகிறான் என்று பார்க்காமல், ‘ஒவ்வொரு டாலரும்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடாதே. அதில் சில டாலர் என் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது.

பஞ்சாங்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் டாலர் நோட்டில் ஒரு மடிப்பு, ஒரு பேனாக் கீறல் இருந்தாலும் போச்சு, யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு தடவை வயசான வெள்ளைக்காரம்மா ஒருத்தி ஒரு அரக்குப் பெட்டியை அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து 20 டாலர் எடுத்தாள். எட்டாக மடித்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, கள்ள நோட்டு என்கிறோம் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டாள். தாத்தா அந்த நோட்டை வாங்கி, பஞ்சாங்கத்துக்குள் வைத்து, அதை ஸ்டூலில் போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்! பத்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் மடிப்பு அப்படியே இருக்கிறது. கடைசியில் பெட்டியைக் கையில் கொடுத்து, நாளைக்கு நல்ல நோட்டாகக் கொண்டு வா என்று ஜாடையில் சொல்லி அனுப்பினோம். மறுநாள் கடை திறக்குமுன் வந்து நின்றாள்.

இதில் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நம்மைப் போன்றவர்கள் டாலரைக் கையில் வைத்திருப்பதே அப்போது குற்றம். ஸ்காட் மார்க்கெட்டில் எத்தனை கடை உண்டோ அத்தனை குற்றவாளிகள்.

அதனால்தான் சிங்கப்பூர்ச் சட்டத்தை நீ மெச்சும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது. அங்கே சூயிங்கம் விற்கக்கூடாது, வேப் பிடிக்கக்கூடாது, பிடித்தால் இவ்வளவு அபராதம் என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது. தாய்லாந்தில் 2022-இல் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்தபோதுகூட, சிங்கப்பூர்க் குடிமகன் அங்கே போய் இழுத்தாலும் ஊர் திரும்பினால் குற்றம்தான் என்று நீதானே சொன்னாய். கடுமையான சட்டம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே அப்படியா? 2016-இல் மாண்டலேயில் ஒரு டச்சுப் பையன், ராத்திரி தூங்கவிடவில்லை என்று பக்கத்தில் பௌத்தப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினான். மூன்று மாதம் ஜெயில். அதற்கு முந்தின வருஷம் இங்கே ரங்கூனில், புத்தருக்கு ஹெட்போன் மாட்டிய படத்தைப் போட்டு மதுக்கடைக்கு விளம்பரம் செய்ததற்கு நியூசிலாந்துக்காரர் ஒருவருக்கும் பர்மாக்காரர் இரண்டு பேருக்கும் இரண்டரை வருஷம். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. கால் வைக்கிற வீட்டில் செருப்பை எங்கே விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? நீயும் போகிற ஊரில் கேட்டுக்கொள்.

ஆனால் வந்து போகிறவன் சட்டத்தில் இடறி விழுந்தால் அது பேப்பரில் வரும். இருக்கிறவர்கள் அதற்குள்ளேயே குடும்பம் நடத்துகிறோம், அது யாருக்கும் செய்தி இல்லை. தட்டோனிலிருந்து மாமா வந்து ஒரு ராத்திரி தங்கினால், குடும்பப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வார்டு ஆபீசுக்கு நான் ஓடியதை நீ பார்த்திருக்கிறாய். ராத்திரி தங்குகிறவரைப் பதிய வேண்டும் என்ற அந்த விதியை 2016-இல் எடுத்தார்கள். அப்பாடா என்றிருந்தோம். 2021-இல் மறுபடி வந்துவிட்டது.

பாங்காக்கில் உன்னை ஓரமாக நிற்க வைத்ததற்கு வருகிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் உன் தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர், சாகிற வரைக்கும் அவர் சட்டைப்பையில் இருந்தது அந்நியர் பதிவுப் புத்தகம். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மோல்மேனில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போக அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பிறந்த ஊருக்குள்ளேயே விசா எடுத்துக்கொண்டு நடந்த மனுஷன். 1964-இல் அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறி சென்னைக்குப் போனது, அங்கே அவர்களைப் ‘பர்மாக்காரர்கள்’ என்றார்கள். இங்கே நம்மை இன்னும் ‘கலா’ என்கிறார்கள், இந்தியாக்காரர்களைச் சொல்கிற வசவு அது. நீ அங்கே யார் என்று நீதான் சொல்ல வேண்டும். எந்தக் கவுண்ட்டரில் நின்றாலும் குனியாமல் நில், ஆனால் வாயைக் கொடுக்காதே. ஹோட்டல் ரசீது, திரும்பி வருகிற டிக்கெட், வேலை கொடுத்தவர் கடிதம் எல்லாவற்றையும் காகிதமாகக் கையில் வைத்துக்கொள். போன் சார்ஜ் சரியாக அந்த நேரத்தில்தான் இறங்கும்.

சரி, எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன் என்றாய். வராதே.

2024 பிப்ரவரியிலிருந்து கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. உனக்கு இப்போது 27. நம் தெருவில் எந்தெந்த வீட்டில் பையன்கள் இல்லை என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. வந்தவன் திரும்பிப் போக விடுவார்களா என்று விசாரித்தேன், ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஆளுக்கொரு பதில் வருகிற இடத்துக்கு உன்னை நான் கூப்பிட மாட்டேன். வெளிநாட்டுக்காரனை வரவேண்டாம் என்று நீ சொன்னதற்கு இவ்வளவு நேரம் சண்டை போட்டுவிட்டு, பெற்ற பிள்ளையிடம் அதையே நான் சொல்கிறேன். சிரிக்கிறாயா?

அதனால் நான் வருகிறேன். பாஸ்போர்ட் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். விமானத்தில் போனால் நமக்கு பாங்காக்கில் விசா இல்லாமல் 14 நாள் உண்டாமே. அவ்வளவு வேண்டாம், ஐந்து நாள் போதும், அதற்கு மேல் கடையைப் பூட்ட முடியாது. சீலோம் மாரியம்மன் கோயிலில் சந்திக்கலாம், அந்த இடத்தை எனக்கு யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஏறுமுன் ஆன்லைனில் ஏதோ படிவம் நிரப்ப வேண்டும் என்கிறார்கள், அதை நீ போட்டுக் கொடு. அதில் ‘வருகையின் நோக்கம்’ என்று ஒரு கேள்வி இருக்குமாம். சுற்றுலா என்று போடு.

டாலர் கொஞ்சம் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. மடிப்பில்லாத நோட்டு. அங்கேயும் அப்படித்தான் கேட்பார்களா?

அன்புடன்
அம்மா