எண்ணூர் மணலில் கிடைத்தவை

திருவொற்றியூர்

அன்புள்ள விஜயா,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். மல்லிகா மறுபடியும் வீடு மாற்றிவிட்டாள். இந்த முறையும் அந்த அம்மிக்கல்லை விட்டுவிட்டுப் போகவில்லை. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். ஒரு விஷயம் சில வாரங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் தெருப் பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக, எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே அலை குப்பையை ஒதுக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் மணல் அள்ளி வந்தோம். அதைக் காயவைத்து, இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுக் கலக்கினோம். மணல் அடியில் படிந்ததும் மேலே மிதந்தவற்றை வெள்ளைத் துணியில் வடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். வலைக்கயிற்றின் நீல இழைகள், தெர்மகோல் உருண்டைகள், வெயிலில் மொரமொரத்து உடைந்த பை நறுக்குகள், இவற்றுக்கு நடுவே ஜவ்வரிசி போன்ற வெள்ளைக் குருணைகள். பிளாஸ்டிக் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகும் மூலப்பொருள் அந்தக் குருணைதான். ஒரு பொருளாக ஆவதற்கு முன்பே அது கடலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் உப்புநீரைவிடக் கனமானது என்பதால் மணலோடு அடியிலேயே தங்கிவிடும். ஆகவே நாங்கள் கண்டது முழுக் கணக்கு அல்ல.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். 2015 பெருவெள்ளத்துக்குப் பின் நம் கடற்கரையை ஆராய்ந்தவர்கள், அந்த ஆண்டு மார்ச்சில் இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு குருணைகள் நவம்பரில் கிடந்ததாக எழுதினார்கள். கூவமும் அடையாறும் கொசஸ்தலையும் நகரத்தின் குப்பையை ஒரே மழையில் கடலில் தள்ளிவிடுகின்றன. காசிமேட்டுக்காரர்கள் அந்தக் கடலில்தான் வலை போடுகிறார்கள். பெரிய மீனின் குடலை நீக்கிவிடுகிறோம். தண்ணீரை வடிகட்டியே உயிர்வாழும் மட்டியை முழுதாக அல்லவா தின்கிறோம்?

உடம்புக்கு என்ன செய்யும் என்று நீ கேட்பாய். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்த இத்தாலிய ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களின் படிவில் பிளாஸ்டிக் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் மற்றவர்களைவிட நாலரை மடங்கு இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது கொடுங்கையூரை நினைக்கும்போதுதான். 300 ஏக்கருக்கும் மேலான அந்தக் குப்பைமேட்டில் பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பை குவிந்தது. அது தீப்பற்றிய நாள்களில் புகையைச் சுவாசித்தவர்கள் நம் வடசென்னை மக்கள். நம் மாநிலத்தில் 2019 ஜனவரியிலும் நாடு முழுவதும் 2022 ஜூலையிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்த பிறகும், காலையில் பூக்காரம்மா முழம் மல்லிகையை மெல்லிய பையில்தான் போட்டுத் தருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பை தயாரிக்கும் இடத்தை விட்டுவிட்டுப் பை தருபவரிடம் அபராதம் வாங்குவது எந்த நியாயம்? கடற்கரையைத் துப்புரவு செய்வதை நான் மதிக்கிறேன். ஆனால் முழுப் பையாக இருக்கும்வரைதான் அதைக் கையால் எடுக்க முடியும். தூளாகி மணலில் கலந்துவிட்டால் எந்தத் தொண்டராலும் எடுக்க முடியாது. அதனால்தான் உற்பத்தியாகும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்கிறேன்.

இனி உன் ஊர். பாலியெஸ்டரைப் போலவே பிளாஸ்டிக் இழையால் ஆன அக்ரிலிக் துணியை 6 கிலோ ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத்துணுக்குகள் வெளியேறக்கூடும் என்று பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் கண்டறிந்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் அவற்றில் பெரும்பகுதி கசடில் தங்கிவிடும்; அந்தக் கசடை வயலுக்கு உரமாகப் போட்டால் மண்ணுக்குப் போய்ச் சேரும். திருப்பூரில் இப்போது பாலியெஸ்டர் பனியன் எவ்வளவு ஓடுகிறது, சலவைப் பட்டறைகளில் இழையைப் பிடிக்கும் வடிகட்டி ஏதாவது வைத்திருக்கிறார்களா, பிடித்த இழையை என்ன செய்கிறார்கள் என்று அண்ணனிடம் விவரமாகக் கேட்டு எழுது. பிள்ளைகள் தங்கள் செயல்திட்ட அறிக்கையில் அதையும் சேர்க்க விரும்புகிறார்கள். அடுத்த மாதம் பள்ளியில் ஒப்படைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் தமிழரசி