என் கடன் எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் பெருகி வருவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். எங்கள் காரைக்குடிப் பக்கம் பங்குனி பிறந்தால் திரும்பிய இடமெல்லாம் பந்தலும் ஒலிபெருக்கியும்தான். ஆனால் கேட்டுவிட்டுப் போனவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்கிறார்கள் என்ற இடத்துக்கே கட்டுரை வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கோயிலில் அப்பர் சரித்திரம் கேட்கப் போயிருந்தேன். பேசியவருக்கு நல்ல குரல். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று மூன்று முறை பாடினார். கைதட்டல். அதோடு அப்பரை விட்டுவிட்டு மருமகள்களையும் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் விடவில்லை. சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். தின்ற தொன்னைகள் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே கிடந்தன. உழவாரத்தைக் கையில் பிடித்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவரின் கதையைக் கேட்டு எழுந்த கூட்டம் அது! அந்தத் தொன்னைகளைப் பொறுக்கியது காவல்காரரும் அவர் மனைவியும்.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். கடன் என்ற சொல் காதில் விழுந்தால் பேரேட்டைத் தேடும் புத்தி இன்னும் போகவில்லை. அந்தப் பாட்டு கடம்பூர்க் கோயிலில் பாடியது. அதில் முந்திய அடியையும் சேர்த்துப் பார்த்தால் பேரேடு மாதிரியே இரண்டு பக்கம் இருக்கிறது. ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல்’ என்பது சாமியின் பக்கம். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்பது நம் பக்கம். இன்றைய மேடைகளில் சாமியின் பக்கத்துக்குத்தான் விளக்கம் எல்லாம்: இந்தக் கிழமை இந்த விளக்குப் போடு, இந்த வினை தீரும் என்று. நம் பக்கத்துக்கு வெறும் ராகம். அதைவிட மோசம், நம் பக்கத்தில் எழுத வேண்டியதை இளைஞர்கள் கணக்கிலும் அரசாங்கத்தின் கணக்கிலும் எழுதிவிடுவது. கேட்டவன் கணக்கு முடிந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுகிறான்.

எல்லாக் காலத்திலும் இப்படி இல்லை. குன்றக்குடி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்த ஊர் மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்த பட்டிமன்றங்களுக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். பாதி புரியாது. புரிந்தது எதுவென்றால், அவர் சொன்னதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருந்தது. மடத்துத் தலைவர் ஒருவர் ஊருக்குத் திட்டக்குழு அமைத்து, தரிசு நிலத்தையும் வேலையில்லாதவர்களையும் பற்றிக் கவலைப்பட்டார். குன்றக்குடித் திட்டம் என்று வெளியூர்க்காரர்கள் பேசும் அளவுக்கு அது வளர்ந்தது. 1982-ல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவர் கலவரம் மூண்டபோது அங்கேயே போய்ச் சமாதானத்துக்கு நின்றார். 1995-ல் அவர் மறைந்தார். உழைக்கச் சொன்னவர் உழைப்புக்கு வழியும் பண்ணிக் கொடுத்தார் என்பதால், கேட்டவர்கள் சாக்குச் சொல்லித் தப்ப முடியவில்லை. சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் சுவாமிகளும் அப்படித்தான், பேசிச் சேர்த்த பணத்தைக் கோயில் திருப்பணிக்கே திருப்பினார். வயலூர் முருகன் கோயில் கோபுரத்தைக் கேட்டால் சொல்லும்.

இது சைவ மேடைக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் நண்பரின் தகப்பனார் இறந்தபோது போயிருந்தேன். அடக்கத்துக்கு முன் இறந்தவருக்காகச் செய்யும் ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இறந்தவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்களாம். நண்பர் வந்து சொன்னார். அதைவிடச் சுருக்கமான சொற்பொழிவை நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, இப்போது அப்படிப் பேச ஆளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். போன கார்த்திகையில் ஒரு பெரியவர் பேசினார். குரல் சுமார்தான், கூட்டமும் நாற்பது பேருக்கு மேல் இல்லை. அதே அப்பர், அதே வரி. ஒரு பழைய சிநேகிதரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமலே இருந்ததையும், அவர் இறந்த பிறகு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றதையும் முதலில் சொன்னார். அப்புறம், “உங்கள் வீட்டில் அடுத்தவர் பொருள் ஒன்று இருக்கும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் அது போய்ச் சேரட்டும். மற்றதை அப்புறம் பேசுவோம்” என்றார். அவ்வளவுதான். ஊர் திருந்த வேண்டும், உலகம் திருந்த வேண்டும் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு உடனே பரண் ஞாபகம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு எதிர்வீட்டு ஆச்சியிடம் வாங்கிய பெரிய இட்லிக் கொப்பரை நான்கு வருடமாக அங்கே இருந்தது. மறுநாள் காலையில் இறக்கினேன். புளி போட்டுத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கொண்டுபோனால், ஆச்சி எப்போதோ வேறு வாங்கிவிட்டார்கள். “இப்பவாவது வந்துச்சே” என்று சிரித்தபடி வாங்கி உள்ளே வைத்தார்கள். வெறுங்கையோடு போகாதே என்று ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்தனுப்பினார்கள்.

அந்தத் தூக்கு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர், காரைக்குடி