நோவு காலில், பிழை நாரியில்

நீர்வேலி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

நீ 9 நாளாகக் கட்டிலை விட்டு எழும்பவில்லை என்று மருமகள் சொல்லித்தான் தெரியும். என்னிடம் "சும்மா நாரிப்பிடிப்பு அப்பா" என்றாய். இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கிறது, தும்மினால் உயிர் போகிறது என்று அவள் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. நீ ஏ.எல். சோதனை எழுதிய வருடம் எனக்கு வந்ததும் இதுதான்.

கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசினைத் தனியே தூக்கி, தூக்கியபடியே உடம்பைத் திருப்பினேன். நாரியில் ஏதோ தெறித்தது. அன்று பெரிதாக நோகவில்லை. மூன்றாம் நாள் வாழைத்தோட்ட வரம்பில் வரும்போது, "ஒரு செருப்பு எங்கே?" என்று அம்மா கேட்டார். திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றது பாதத்துக்குத் தெரியவே இல்லை. நோவைவிட அந்தச் செருப்புத்தான் என்னைப் பயப்படுத்தியது.

20 நாள் பாயில் கிடந்தேன். அம்மா நொச்சி இலை அவித்து ஒத்தணம் பிடித்தார். சூடு ஆறும் வரை சுகமாக இருக்கும். கிடக்கக் கிடக்க நாரி இறுகியது, கால் மெலிந்தது. அந்த 20 நாளை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடைசியில் டொக்டரிடம் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். ஒரு முழம் உயருமுன் கத்திவிட்டேன். பிறகு ஒவ்வொரு காலாக நுனிவிரலில் நிற்கச் சொன்னார். வலது கால் நின்றது. இடது குதி நிலத்தை விட்டு எழும்பவில்லை. மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல வட்டுகள் உண்டு. ஒன்றின் ஓரம் கிழிந்து, உள்ளிருக்கும் களி பிதுங்கி நரம்பின் வேரை நெரிக்கிறது. அப்படி ஐந்து வேர்கள் சேர்ந்துதான் விரல் பருமனில் ஒரு நரம்பாகிக் காலுக்கு இறங்குகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு அது. கெண்டைக்காலை எண்ணெய் போட்டு உருவியது ஏன் பலிக்கவில்லை என்று அன்றுதான் விளங்கியது.

"பாயைச் சுருட்டி வையுங்கள்" என்றார். ஓரிரு நாள் ஓய்வு போதுமாம். பிதுங்கிய களியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 கிழமைக்குள் ஆறிவிடும் என்றார். முதலில் கிணற்றடி வரை நடந்தேன். பிறகு படலை வரை. இரண்டு மாதம் முடிய, கந்தசுவாமி கோவிலடிக்குப் போய் வந்தேன்.

நீ லொறியில் நாள் முழுக்க இருக்கிறவன். உட்கார்ந்திருக்கும்போது வட்டில் அழுத்தம் கூடும். மணிக்கு ஒரு தடவை இறங்கி நட. பின் பொக்கற்றில் பணப்பையை வைத்துக்கொண்டு இராதே. நோ மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் எடு. ஸ்கான் எடுக்கவில்லையே என்று கவலைப்படாதே. நோவே இல்லாதவர்களின் படத்திலும் பிதுங்கிய வட்டுத் தெரியும். 6 கிழமையாகியும் குறையவில்லை என்றால் படமும் சத்திரசிகிச்சையும் பற்றிக் கதைக்கலாம். சத்திரசிகிச்சை கால் நோவைக் கெதியாகக் குறைக்கும். ஆனால், ஒரு வருடம் கழிந்தால் செய்தவரும் செய்யாதவரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருப்பார்களாம்.

ஒன்றில் மட்டும் பொறுமை காட்டாதே. சலம் போக முடியாமல் அடைத்தால், அல்லது தெரியாமலே போனால், மலம் அடக்க முடியாவிட்டால், சைக்கிள் சீற்றில் படும் இடம் மரத்துப்போனால், கால் நாளுக்கு நாள் சோர்ந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. மருமகளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டு மறைக்காதே.

இன்று இரவு போன் எடுப்பேன். அதற்குமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலால் மட்டும் நுனிவிரலில் நின்று பார். குதி எழும்பியதா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி சொல்.

அன்புடன்,
அப்பா