இசை இதழ்களின் வடிவமைப்பில் மரபும் மீறலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மேலைநாட்டு இசை இதழ்களின் வடிவமைப்பு பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். சிவகாசியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சுத் தொழிலில், பெரும்பாலும் பக்க அமைப்பு மேசையிலேயே, காலம் கழித்தவன் நான். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒவ்வொரு இசை வகைக்கும் வாய்த்துவிட்ட வடிவமைப்பு மரபு வாசகரை அடைத்துவைக்கும் கூண்டு என்றும், அதை உடைத்தவர்களே கலைஞர்கள் என்றும் கட்டுரையாளர் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

கடை வாசலில் கயிற்றில் தொங்கும் இருபது இதழ்களுக்கு நடுவே தன்னுடையது எது என்று வாசகர் ஒரு கணத்தில் கண்டுகொள்ள வேண்டும், அதற்குத்தான் மரபு. 1981 ஜூனில் லண்டனின் 'சவுண்ட்ஸ்' வார இதழுக்கு இணைப்பாகப் பிறந்த, ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசைக்கான 'கெராங்!', மின்கிட்டாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஒலியையே பெயராக வைத்துக்கொண்டது. விரிசல் விட்ட அதன் பெயரெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், உள்ளே இருப்பது எந்த இசை என்பது ஆங்கிலம் அறியாதவருக்கும் விளங்கிவிடும். இதைக் கூண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பங்க் என்ற முரட்டு ராக் இசையின் கிழிசல் அழகு பற்றிக் கட்டுரை நன்றாகவே பேசுகிறது. இருப்பினும் 1976இல் மார்க் பெர்ரி என்ற வங்கி ஊழியர் தொடங்கிய 'ஸ்னிஃபின் க்ளூ' இதழ் தட்டச்சிலும் மார்க்கர் பேனாவிலும் உருவாகி, நகலெடுக்கப்பட்டு வெளிவந்ததற்குக் கலைக் கொள்கையைவிடக் கையில் காசில்லாமையும் அவசரமும்தான் முதற்காரணம் என்று நினைக்கிறேன். அந்த அவசரக் கோலமே சில ஆண்டுகளில் பங்க் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற புதிய மரபாக உறைந்துபோனது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

அவர் முற்றிலும் விட்டுவிட்டது 'ரோலிங் ஸ்டோன்' இதழின் தொடக்கத்தை. அது சான்பிரான்சிஸ்கோவில் 1967 நவம்பரில் வெளிவந்தபோது, அதே ஊரின் இளைஞர் பத்திரிகையான 'ஆரக்கிள்' ஒரே மைத்தொட்டியில் பல வண்ண மைகளை ஊற்றி, எங்கள் ஊரில் சுவரொட்டிக்குச் செய்வதுபோல, வானவில் பக்கங்களை அச்சிட்டுக்கொண்டிருந்தது. எழுத்துகள் படங்களோடு பின்னிக் கிடக்கும். ராக் இசை பற்றிய இதழ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களின் கைக்கு, நின்றுபோன 'சண்டே ராம்பார்ட்ஸ்' பத்திரிகையின் அமைப்பைத் தழுவி, கோடுகளால் சட்டமிட்ட பக்கங்களும் ஒழுங்கான பத்திகளுமாக, பார்ப்பதற்கு மதிப்புமிக்க செய்தித்தாள் போன்ற ஒன்று வந்து சேர்ந்தது. கச்சேரிச் சுவரொட்டி ஓவியரான ரிக் கிரிஃபின் வரைந்த பெயரெழுத்தில் மட்டும் அந்த வண்ண உலகத்தின் வளைவுகள் தெரிந்தன. அடக்கமே அங்கு மீறலாக இருந்தது. நீண்ட முடி வைத்தவர்களின் இசையையும் நாட்டு நடப்புச் செய்திக்குரிய மரியாதையோடு படிக்க வேண்டும் என்பதை அந்தக் கோடுகளும் பத்திகளுமே சொல்லிவிட்டன.

அடுத்து, ஆங்கிலேய வடிவமைப்பாளர் நெவில் பிராடி. 1980இல் நிக் லோகன் லண்டனில் தொடங்கிய இசை, நாகரிக இதழான 'தி ஃபேஸ்' இதழின் வடிவமைப்பை மறு ஆண்டு முதல் கவனித்துவந்த இவர், பொருளடக்கப் பக்கத்தின் தலைப்புச் சொல்லை 1984 வாக்கில் இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். ஒரு மாதம் எழுத்தின் ஓர் உறுப்பு குறையும், அடுத்த மாதம் இன்னொன்று உருமாறும்; முடிவில் எஞ்சியவை சில வடிவங்களே. ஆயினும் வாசகர்கள் தடுமாறவில்லை, ஏனெனில் அந்த இடத்தில் அந்தச் சொல்தான் இருக்கும் என்ற பழக்கம் அவர்கள் கண்ணில் பதிந்திருந்தது. முதல் இதழிலேயே அந்தச் சொல்லை உடைத்துப் போட்டிருந்தால் அது வெறும் அச்சுப்பிழையாகவே தோன்றியிருக்கும். பிராடி வரைந்த எழுத்து வகைகளை விளம்பர நிறுவனங்கள் வரிந்துகட்டிக்கொண்டு நகலெடுக்கத் தொடங்கியதும், 1986இல் வெளிவந்த 'அரீனா' இதழுக்கு அவர் ஹெல்வெடிகா என்ற அலங்காரமற்ற எழுத்து வகையை எடுத்துக்கொண்டார். தன் மீறலே மரபாகிவிட்டதை அவர் எவ்வளவு விரைவாக உணர்ந்தார் என்பதற்கு இதுவே சான்று.

கட்டுரையாளர் உச்சியில் ஏற்றிவைக்கும் அமெரிக்க இசை இதழான 'ரே கன்' இதழின் வடிவமைப்பாளர் டேவிட் கார்சனைப் பற்றி எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. பாடகர் பிரையன் ஃபெர்ரியுடனான பேட்டி சலிப்பூட்டியதால், எழுத்துகளுக்குப் பதிலாக அம்பு, நட்சத்திரம் போன்ற குறிகளைக் கொண்ட சாப்ஃப் டிங்பேட்ஸ் என்ற சின்னத் தொகுப்பில் அதை முழுவதுமாகக் கோத்துவிட்டார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. (கூப்பன் ஓரத்தில் கத்தரிக்கோல் படம் வைக்க நாங்கள் நாடியதும் அதே தொகுப்பைத்தான்.) துணிச்சலை மெச்சுகிறேன். ஆனால் அதே பேட்டி படிக்கத்தக்க எழுத்திலும் அந்த இதழின் பின்பகுதியில் அச்சாகியிருந்ததைக் கட்டுரை சொல்லாமல் விட்டது முறையன்று. படிக்க வந்தவருக்கும் ஓர் இடம் வைத்துவிட்டுத்தான் அந்த விளையாட்டு நடந்தது.

இதற்கு நேர்மாறாக, 1981 ஜனவரி 22 தேதியிட்ட 'ரோலிங் ஸ்டோன்' அட்டையை நினைத்துப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் பாடகராக இருந்த ஜான் லெனன் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அவரையும் அவர் மனைவி யோகோ ஓனோவையும் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படமும் இதழின் பெயரும் தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கூவும் தலைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. அட்டையில் தலைப்புகள் நெருக்கியடித்து நிற்பதே வழக்கம் என்பதை அறிந்திருந்த வாசகருக்கு அந்த வெறுமை எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வரும் வாரம் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பிராடியின் பொருளடக்கப் பக்கத்துக்கு ஒரே ஒரு படத்தை, அதுவும் தபால்தலை அளவில், வெளியிட்டிருந்தீர்கள். தனிப்படத்தில் அது கிறுக்கலாகவே தெரிகிறது. இயன்றால் அடுத்தடுத்த மாதங்களின் பக்கங்களை ஒரே வரிசையில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சக வடிவமைப்பாளர்,
சிவகாசி