லிட்டருக்கு முன்னால் முதுகை அளக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், மலையேற்றத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கான சாமான் பட்டியல் பார்த்தேன். முதுகுப்பை என்ற இடத்தில் '50 முதல் 60 லிட்டர்' என்று மட்டும் இருந்தது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். பைக்குள் எவ்வளவு கொள்ளும் என்பதுதான் லிட்டர் கணக்கு. நம் முதுகுக்கு அது பொருந்துமா என்பது வேறு கணக்கு.

நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மேற்கு வங்கத்தில், நேபாள எல்லையை ஒட்டி 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்கு மானேபஞ்சனிலிருந்து நடந்தோம். என்னுடையது 60 லிட்டர் பை. 'எல்லாருமே இதைத்தான் வாங்குறாங்க' என்று கடையில் கொடுத்தது. இரண்டாம் நாள் கைரிபாஸ் தாண்டிச் செங்குத்தாக ஏறும்போது இடது கை விரல்கள் மரத்துவிட்டன. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. பயந்தே போனேன். கூட வந்த வழிகாட்டித் தம்பி பின்னால் நின்று பையை லேசாகத் தூக்கிப் பிடித்தார். தோள் வார்களைத் தளர்த்தி, புட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் ஏற்றி இறுக்கச் சொன்னார். அடுத்த நிமிடமே பாரம் தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கியது. ஆனால் தோளுக்கும் வாருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. "தீதி (அக்கா), இந்தப் பை உங்க முதுகைவிட நீளம்" என்றார்.

ஊருக்கு வந்து அளந்தேன். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தும் எலும்பு இருக்கிறதே, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை, முதுகின் வளைவோடு டேப்பை ஓட்ட வேண்டும். இன்னொருவர் உதவி வேண்டும். எனக்கு 42 செ.மீ.; அந்தப் பையோ 50 செ.மீ. முதுகுக்கானது. ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்கக் கூடாது. என் தங்கை என்னைவிடக் குள்ளம், அவள் முதுகு 45.

அடுத்த பை வாங்கப் போனபோது ஐந்து கிலோ அரிசிப் பாக்கெட் இரண்டைக் கையோடு கொண்டுபோனேன். கடையில் பைக்குள் காகிதம்தான் அடைத்திருப்பார்கள். காகிதத்தைச் சுமந்தால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். வார்களையெல்லாம் தளர்த்திவிட்டு முதலில் இடுப்புப் பட்டை, பிறகு தோள் வார், கடைசியில் நெஞ்சு வார் என்று மாட்டி, கால் மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கினேன். நான்காவது பைதான் சரியாக உட்கார்ந்தது. 48 லிட்டர், முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எட்டு நாள் நடை ஒன்று போய்வந்தேன், விரல் மரக்கவில்லை.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, அந்த 'லிட்டர்' வரிக்கு மேலே முதுகளவு எடுக்கும் முறையை ஒரு சின்னப் படத்தோடு போடுங்கள். பெண்களுக்கென்று வரும் பைகளில் தோள் வாரின் வளைவும் இடுப்புப் பட்டையின் சாய்வும் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு