கருத்துக் கேட்டீர்கள், பதில் எங்கே?

பொதுமக்கள் கருத்துக் கேட்புத் தளங்களை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு வரைவு விதிக்கு இணையத்தில் கருத்துக் கேட்டிருந்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. 80 பக்கப் பிடிஎஃப். அச்சிட்ட தாளைக் கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்ததால் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து படித்து, இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டுவதைச் சுட்டி எழுதினேன். கருத்துப் பெட்டி 500 எழுத்தோடு நின்றுவிட்டது. வெட்டிச் சுருக்கி அனுப்பியதும் 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஓர் எண் வந்தது. அதோடு சரி. இறுதி விதிகளில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

மாறாததில் வருத்தமில்லை. நான் சொன்னது தவறாகவே இருக்கலாம். ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி போதுமே!

ஆயிரக்கணக்கில் வந்தால் எப்படிப் பதில் எழுதுவது என்பீர்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தருகிறது. 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிக்கிறார்கள். மனு தோற்றாலும் பதில் எல்லோரும் படிக்க அங்கேயே இருக்கும். தைவானில் 2015-இல் ஊபர் வாடகைக் கார் செயலியை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று மக்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்டபோது, அடுத்தவர் கருத்துக்கு மறுமொழி எழுதும் வசதியே வைக்கவில்லை. ஏற்கிறேன், மறுக்கிறேன், கடக்கிறேன், அவ்வளவுதான். சண்டைக்கு இடமில்லை, எதில் ஒத்துப்போகிறார்கள் என்பது வெளியே வந்தது.

கேட்டுவிட்டுக் கைவிட்ட கதையும் உண்டு. ஐஸ்லாந்தில் 2011-இல் 25 பேர் குழு மக்களிடம் இணையவழிக் கருத்துக் கேட்டு அரசியலமைப்பு வரைவு எழுதியது. 2012 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. அடுத்த முறை கேட்டால் யார் எழுதுவார்கள்?

அடுத்த வரைவைத் தேடக்கூடிய எழுத்துக் கோப்பாகப் போடுங்கள். 30 நாளாவது அவகாசம் கொடுங்கள். இணையம் இல்லாதவரின் தபாலையும் அதே வரிசையில் சேருங்கள். முடிந்ததும், பெயர்களை நீக்கிவிட்டு, வந்த கருத்துகளைப் பொருள்வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் எதிரே ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுதி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பதிவு எண் மட்டும் கையில் உள்ள ஒருவர்