அந்தத் தண்ணீர் எங்கள் குடிதண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகப் போகிற பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை பற்றி இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. பத்திரிகையில் படம், போனில் வீடியோ, கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற இளம்பிள்ளைகள். எனக்கு அதில் சந்தோஷம்தான், அந்தப் பாதையில்தான் என் பிழைப்பே இருக்கிறது. ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத காட்டு வழி போல அதைப் பற்றிப் பேசுகிறார்களே, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். வயது 34. ஒன்பது வருடம் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பினேன். நாலு வருடமாக மலை நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தவர்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பாதை அது. 22 கட்டங்கள், மொத்தம் 300 கிலோமீட்டருக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்து உதவின. புதிதாக வெட்டிய பாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் போன, மூட்டைகள் வண்டியில் இறங்கிய பழைய தோட்டப் பாதைகளைத்தான் ஒன்றோடொன்று சேர்த்து அடையாளம் போட்டிருக்கிறார்கள். இன்று காலையிலும் அந்தப் பாதையால்தான் எங்கள் லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அன்று வேலை இல்லை. காலை பத்து மணி இருக்கும், அம்மா ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் கேத்தலை வைத்துத் தண்ணீர் பிடித்தார். பிடித்தவர் என்னைக் கூப்பிட்டு கேத்தலைக் காட்டினார். தண்ணீர் மேல் வெள்ளையாக நுரை. மோந்து பார்த்தால் பூ வாசம், ஷாம்பு வாசம். அதற்குள் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த லயத்து வீட்டில், ஒரு பிள்ளை அதைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது.

எங்கள் லயங்களில் 22 வீடு. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்துதான். லயத்துக்கு மேலே தேயிலை முடிந்து டர்பன்டைன் மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஊற்று கசிந்து சின்ன ஓடையாக வரும். அதை மறித்து ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, அதிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்திருக்கிறோம். தோட்ட நிர்வாகம் கட்டித் தந்ததல்ல, தாத்தாமார் காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் வேலை என்று பிரித்துக்கொண்டு கட்டியது. குழாய் மட்டும் இரண்டு முறை மாற்றினோம்.

நான் மேலே ஓடினேன். ஐந்து பேர், வெளிநாட்டுக்காரர் மூவர், கொழும்புப் பிள்ளைகள் இருவர். தொட்டிக்கு ஒட்டி மேலே ஓடையில் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த வழிகாட்டி வெளியூர்க்காரர், அந்தக் கட்டத்துக்கு முதல் தடவை வந்தவர். ஓடைக் கரையில் பிஸ்கட் உறை, ஈரத் துவாய், கல்லின் மேல் சோப்பு.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, இதைக் கட்டாயம் எழுத வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் அவர்களுக்கு முகமே செத்துப்போனது. ஒரு பெண் தன் போனைக் காட்டினாள். வரைபடத்தில் மெல்லிய நீலக் கோடு ஒன்று, அவ்வளவுதான். அதன் கீழே வீடு இருப்பதாக எந்த அடையாளமும் இல்லை. மலை ஓடை, சுத்தமான தண்ணீர், குளிக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்புறம் அவர்களே பையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து தொட்டியை இறைத்தார்கள். தும்பு எடுத்து உள்பக்கம் தேய்த்தோம். ஊற்று சொட்டுச் சொட்டாகத்தான் வரும், தொட்டி மறுபடி நிறைய இருட்டிவிட்டது. அன்று 22 வீட்டிலும் பகல் சமையல் பிந்தியது. அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மாலையில் இறங்கினார்கள்.

ஒரு பலகை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கூட வந்திருந்தாலும் நடந்திருக்காது.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் வாசலிலேயே பையைத் திறந்து பார்க்கிறார்கள், பொலித்தீனை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள், தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் உறையைக்கூட உரித்துவிடுகிறார்கள். அது தேசியப் பூங்கா, மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கே ஊற்றுக்கண் இருக்கிறது, காக்கத்தான் வேண்டும். எங்கள் மலையிலும் ஊற்று இருக்கிறது. அதைக் குடிக்கிறவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

வழிகாட்டி யார் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடம் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மே தொடங்கி செப்டம்பர் வரை நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் பருவமழை, அட்டை காலில் வரிசை கட்டி ஏறும். அதே மாதங்களில் எங்கள் ஊவாப் பக்கம் வெயிலும் கச்சான் காற்றும். வருட முடிவில் மழை எங்கள் பக்கம் திரும்பும். அப்போது இங்கே நடக்க வருகிறவர்களோடு மலையைத் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அப்படிப் பெய்த மழையில்தான் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். எனக்கு அந்தச் செய்தி கொழும்பில் கடையில் நிற்கும்போது வந்தது. பீலித் தண்ணீர் காரணமில்லாமல் கலங்கினால், புது இடத்தில் ஊற்று பீறினால், லயத்துச் சுவரில் இரவோடு இரவாக வெடிப்பு விழுந்தால், மரம் சாய்ந்து நின்றால், எங்கள் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுவார்கள். என் அம்மா தினமும் காலையில் முதல் வேலையாகத் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்ப்பார். அன்று நுரையை முதலில் கண்டவரும் அவர்தானே.

படம் எடுப்பது பற்றி ஒரே ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இடுப்பில் படங்கு கட்டி, காலில் அட்டைக் கடியோடு, நிறை குறைந்தால் சம்பளம் குறையுமே என்று வேகமாகக் கை போட்டுக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டினால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

வழியில் சொல்லப்படும் கதையும் எனக்கு மனக்குறை. கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து மலை உச்சியான லிப்டன் சீட்டில் நின்று தேயிலை வியாபாரி லிப்டன் கதை சொல்கிறார்கள். இரண்டும் சொல்ல வேண்டிய கதைதான், நானும் சொல்கிறேன். ஆனால் அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியது யார்? கோப்பிக் காலத்திலேயே இந்தியாவிலிருந்து தோணியில் வந்து, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தவர்களின் கதை எங்கே? வழியில் காய்ச்சலில் விழுந்தவர்கள் எத்தனை பேர்! 2023இல் மலையக மக்கள் இங்கே வந்த 200 வருட நினைவாக நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் மறுபடி நடந்தார்கள். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை பறிபோனதையும் நான் என்னோடு வருகிறவர்களிடம் சொல்வேன். மலை ஏறும்போது சொல்வதில்லை, மூச்சு வாங்கும். மேலே ஏறி உட்கார்ந்து தேத்தண்ணீர் ஊற்றும்போது சொல்வேன். நான் கூட்டிப்போன எவரும் அதைக் கேட்டுச் சலித்ததில்லை. திரும்பி இறங்கும்போது அவர்கள் லயங்களைப் பார்க்கிற பார்வையே மாறியிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்த பிள்ளைகள் பதினைந்து பேராவது கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். பாதை அவர்கள் வீட்டு வாசலால் போகிறது. அவர்களுக்கு வழிகாட்டி அனுமதிப் பத்திரத்துக்கான பயிற்சியை மலையகத்திலேயே, தமிழிலும் நடத்தினால் எத்தனை பேர் ஊர் திரும்புவார்கள்! வருகிறவர்கள் தங்க ஒரு அறை கட்டலாம் என்று நானும் ஆசைப்பட்டேன். வங்கியில் காணி உறுதி கேட்டார்கள். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை இருக்கிற வீட்டுக்கு எங்கள் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. உல்லாசப் பயணத்தால் தோட்ட மக்களுக்கு வருமானம் வரும் என்று பேசுகிற பெரியவர்கள் முதலில் இந்த உறுதிக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுதிக்குக் காலம் எடுக்கும், தெரியும். பலகைக்கு எதற்குக் காலம்? மார்ச்சில் அது நடந்த மறுவாரமே நானும் இரண்டு நண்பர்களும் பழைய தகரம் ஒன்றை நிமிர்த்தி, பச்சைப் பெயின்ட் அடித்து, இது 22 வீட்டுக் குடிதண்ணீர், குளிக்க வேண்டாம், கீழே பீலிக்கு வாருங்கள், குளிக்க இடம் காட்டுகிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். சிங்கள எழுத்தை அடுத்த கிராமத்து நண்பர் ஒருவர் எழுதித் தந்தார். நட்டு வைக்க அனுமதி கேட்டுக் கடிதமும் கொடுத்தோம். தோட்டத்துக்குள் பலகை வைப்பது பாதையைப் பார்க்கிறவர்கள் பொறுப்பு என்று ஓரிடத்திலும், நிலம் தோட்டத்துடையது என்று இன்னோரிடத்திலும் சொல்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் மூன்று முறை போய் வந்தேன்.

பலகை இன்னும் எங்கள் காம்பராச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை நடும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் ஒருவர் முறை வைத்துத் தொட்டிப் பக்கம் போய் உட்காருகிறார். இந்த வாரம் என் முறை.

இப்படிக்கு,
தோட்டத்து வழிகாட்டி ஒருவர்,
அப்புத்தளை.